ஆறாம் ரவுண்டில் என் தம்பி

எங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டிக்கு இருபது வருஷம் ஆகிறது, பெரிய ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று முடிவானதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "நீங்கதானே பன்னெண்டு வருஷம் கேப்டன். உங்க டீம்ல ஒவ்வொரு ரவுண்டுலயும் எடுத்த ஆள்ல யாரு பெஸ்ட்டுன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ரவுண்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருஷம் தெருவுக்கு ஒரு டீம் என்றுதான் ஆடினோம். இரண்டாவது வருஷம் மண்டை உடைந்து போலீஸ் வரைக்கும் போனது. அதற்குப் பிறகு தெருக் கணக்கே வேண்டாம் என்றாகிவிட்டது. நாலு கேப்டன். ஆட வருகிறவர்கள் எல்லாரும் வரப்பில் வரிசையாக நிற்க வேண்டும். சீட்டுக் குலுக்கி, வந்த வரிசைப்படி கேப்டன்கள் ஆளுக்கு ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அது ஒரு ரவுண்டு. கேப்டனோடு சேர்த்து ஏழு பேர் ஆடுவதால் ஆறு ரவுண்டு. சம்பா அறுத்த பிறகு, உளுந்து தெளிக்காமல் விட்ட ஒரு வயலில் ஆட்டம். அறுத்த தாள் காலைக் குத்தும், அது வேறு விஷயம்.

இதில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேப்டனின் கூடப்பிறந்தவனை மற்ற கேப்டன்கள் கூப்பிட மாட்டார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் ஆடினால் சண்டை வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம். என் தம்பிதான் ஊரிலேயே நல்ல ஃபார்வேர்ட். அவனை எவனும் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தபிறகு முதல் ரவுண்டை அவன்மேல் எதற்கு வீணாக்குவது? பன்னிரண்டு வருஷமும் நல்ல ஆட்களாகப் பார்த்து ஐந்து ரவுண்டு எடுத்துவிட்டு, கடைசி ரவுண்டில் அவனைக் கூப்பிட்டேன். ஊரே என் மூளையை மெச்சியது. நானும்தான் மெச்சிக்கொண்டேன்.

பட்டியலுக்கு வருவோம். ஐயோ, அந்த வாட்ஸப் குரூப்! நாலாம் ரவுண்டு ஆள் ஒருத்தன் துபாயிலிருந்து ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அவனை நான் இரண்டாவது ரவுண்டில் எடுத்தேனாம். எடுத்தவனுக்குத் தெரியாதா? மூன்றாம் ரவுண்டுக்கு எங்கள் கோல்கீப்பரைப் போட்டேன். இப்போது டீக்கடை வைத்திருக்கிறான். "பேரு போடு, போடாமப் போ. ஆனா முடி இருந்தப்ப எடுத்த போட்டோவைத்தான் போடணும்" என்று நிபந்தனை. முதல் ரவுண்டுதான் உயிரை எடுத்தது. பன்னிரண்டு பேரை யோசித்துப் பார்த்தேன். ஒருத்தன் செமிஃபைனல் அன்று காலையில் திருப்பூருக்கு பஸ் ஏறிப் போனவன். இன்னொருத்தன் சொந்த கோலிலேயே அடித்துவிட்டுக் கையைத் தூக்கிக் குதித்தவன். சனியன்களா, உங்களையெல்லாம் நம்பியா முதலில் கூப்பிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆறாம் ரவுண்டில் மட்டும் தகராறே இல்லை. நாங்கள் கோப்பை வாங்கிய நாலு வருஷமும் கடைசி கோல் தம்பியுடையது. குத்தாலத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் மாதிரிப் படம் அனுப்பியதும், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த தம்பியிடம் போனை நீட்டினேன். அவன் படம்தான் எல்லாவற்றிலும் பெரியது. கீழே 'ஆறாம் ரவுண்டின் மன்னன்' என்று போட்டிருந்தது.

பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான். "என் படத்தை எடுத்துடுண்ணே" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்டா? ஊரெல்லாம் என் படத்தைப் போடுன்னு என் உசுர வாங்குறானுவ. நீ கேக்காமலே உனக்குப் பெருசாப் போட்டிருக்கேன், கசக்குதா?"

"பன்னெண்டு வருஷம் வரப்புல கடைசியா நின்னவன் நானு. கண்ணு சரியாத் தெரியாதவன், பிரியாணிக்காக வந்தவன், அவனுங்க கூட நின்னேன். அதையும் ஃபிளெக்ஸ்ல போடணுமா?"

"அட லூசு, உன்னை வேற எவனும் எடுக்க மாட்டான்னு தெரிஞ்சுதான்டா..."

"எனக்கும் தெரியும். முதல்ல கூப்பிட்டாலும் உன் டீமுதான், கடைசில கூப்பிட்டாலும் உன் டீமுதான். ஒரே ஒரு வருஷம் முதல்ல கூப்பிட்டிருந்தா என்னண்ணே கொறஞ்சு போயிருக்கும்?"

"ஒரு ரவுண்டு வீணாயிருக்கும்டா!" என்று கத்திவிட்டேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். உள்ளேயிருந்து என் மனைவி, "நல்லாச் சொன்னீங்க போங்க" என்றாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவன்மேல் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டேன். சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். யார்மேல் என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் காலையில் பழைய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு ஆட்டம். பழைய நாலு கேப்டன்கள், அதே வரப்பு. தொப்பையும் முழங்கால் பட்டையுமாக எல்லாரும் வரிசையில் நின்றார்கள். தம்பியும் வந்திருந்தான், என் பக்கம் பார்க்கவில்லை. இன்றைக்கு என் வாயிலிருந்து முதலில் வருவது அவன் பெயர்தான் என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். சீட்டு எடுத்தோம். எனக்கு இரண்டாம் சீட்டு வந்தது. அதனால் என்ன, அவனை வேறு யார் தொடப்போகிறார்கள்?

முதல் சீட்டு வந்த கேப்டன் என் பழைய எதிரி. வரப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் தம்பியின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"யோவ், அது அவரு தம்பிய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர். "நல்லா ஆடுறவனைத்தானே முதல்ல எடுக்கணும்?"

தம்பி வரப்பிலிருந்து குதித்தான். நாற்பது வயது, இடது முழங்காலில் வலி உள்ளவன், தாளை மிதித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக ஓடிப்போய் அவர் பின்னால் நின்றான்.

"சீக்கிரம் கூப்பிடுங்க, வெயில் ஏறுது" என்றார்கள் என்னிடம். வரப்பில் இன்னும் இருபத்து மூன்று பேர் நின்றார்கள். எனக்கு ஒருத்தன் பெயரும் வாயில் வரவில்லை.