எனக்கு முன்னால் போன மல்லிகா

போன புதன்கிழமை காலை, நாமக்கல் பட்டறையில் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தபோது குமரேசன் அழைத்தார். "அண்ணா, மல்லிகா போயிட்டாளுங்கண்ணா" என்றார். இரண்டு வருடம் மனைவியின் நோயோடு அலைந்தவர். குரலில் அழுகை இல்லை. எல்லாம் முன்பே அழுது தீர்ந்திருந்தது. நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். ஆனால் என் மனதில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. 'இனி மல்லிகாவை ஒருநாளும் ஜெயிக்க முடியாது' என்ற எரிச்சல்தான். மல்லிகாவை அறிந்தவர்கள் நீங்கள். உங்களிடம் இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்குக் கை வரவில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது கொல்லிமலைச் சாலையில், ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கமாக. எங்கள் கார் பந்தயக் குழுவை நடத்திவந்த பட்டறை முதலாளி சண்முகத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். கார் என் கையில். நல்ல மழை. முன்னால் குச்சிக்கிழங்கு மூட்டைகளோடு அந்தப் பிக்கப். அப்போது குழுவின் முதல் ஓட்டுநர் நான்தான். சுமை வண்டி ஒன்றைத் தாண்ட எத்தனை வளைவு ஆகும் என்று நினைத்தேன். பத்து வளைவு கழித்து அது என் கண்ணிலேயே இல்லை.

"அந்த வண்டியக் கவனிச்சியா? ஒரு வளைவுக்குள்ளயாச்சும் பிரேக் லைட்டு எரிஞ்சுதா?" என்றார் சண்முகம். எரியவில்லை. பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிடும். உள்ளே வண்டி தண்ணீர் போல வழிந்து போகும். அடிவாரத்து டீக்கடையில் அந்த வண்டி நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிச் சேலையை உதறிக்கொண்டிருந்தவர், மலைமேல் குண்டூர் நாட்டைச் சேர்ந்த மல்லிகா. சண்முகம் என்னைக் காரிலேயே விட்டுவிட்டு அவரிடம் பேசப் போனார். அந்த அரைமணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த வருடமே எங்கள் குழுவுக்கு இரண்டு கார். ஒன்றில் நான், ஒன்றில் அவர். சென்னைப் பக்கத்துப் பழைய ரேஸ் டிராக்கில்தான் போட்டிகள். புது டிராக்குகளில் தப்புச் செய்தால் ஓரத்தில் அகலமாகத் தார் போட்டு வைத்திருப்பார்கள், திரும்பி வந்துவிடலாம். இந்தப் பழைய இடத்தில் தார் முடிந்ததும் புல், புல் முடிந்ததும் மண்மேடு. பல ஓட்டுநர்கள் அதைத் திட்டுவார்கள். மல்லிகாவுக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. "இதுக்கு நம்ம மலை ரோட்டு கொணம் இருக்குதுங்கண்ணா. ஏமாத்துனா அங்கயே கேட்டுப்போடும்" என்றார். பதினொரு வருடம் அங்கே ஓட்டிய எனக்கு அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்ததில்லை. அதற்கும் வயிறு எரிந்தது.

அந்த சீசனின் கடைசிப் போட்டிக்கு முன்பு சண்முகம் சொல்லிவிட்டார்: வரும் வருடம் ஒரு கார்தான், யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்கு. போட்டிக்கு முந்தைய நாள், புறப்படும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்று அன்று மழை கொட்டியது. நான் முதல் குழுவில் ஓட்டி, எல்லோரையும்விடக் குறைந்த நேரத்தில் முடித்துவிட்டு வந்தேன். மல்லிகா அடுத்த குழு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஏனுங்கண்ணா, மூணாவது வளைவுல மழைக்கு எப்படிப் போறதுங்க?"

அதற்கு முன் அந்த டிராக்கில் அவர் மழையில் ஓட்டியதில்லை. காய்ந்த நாளில் எல்லோரும் உள்பக்கம் ஒட்டித்தான் போவோம். அதனால் அங்கே டயர் ரப்பர் படிந்து கிடக்கும். மழை பெய்தால் எண்ணெய் ஊற்றியது போல வழுக்கும். வெளிப்பக்கம் சுற்றிப் போவதுதான் வழி. சற்று முன்பு நானே அப்படித்தான் போய்விட்டு வந்திருந்தேன்.

"எப்பவும் போற மாதிரியே போம்மா. உள்பக்கம் ஒட்டியே" என்றேன்.

"சரிங்கண்ணா" என்று போய்விட்டார்.

நான் பார்வையாளர் மேடையில் ஏறி நின்றேன். முதல் சுற்றிலேயே அந்த வளைவில் அவர் கார் சுழன்றது. ஒருமுறை, இருமுறை. புல்லைக் கிழித்துக்கொண்டு மண்மேட்டை நோக்கிப் போனது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அடுத்த கணம் 'நில்லு, நில்லு' என்று கத்திவிட்டேன். மேட்டுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. சில நொடி அசைவில்லை. பிறகு மெல்லத் திரும்பித் தாருக்கு ஏறியது. அடுத்த சுற்றில் வெளிப்பக்கமாக வந்தார். அதற்கடுத்த சுற்றில் இன்னும் வெளியே, நான் துணியாத அளவுக்குப் புல்லோரமாக. என் நேரத்தைவிட ஒரு வினாடிக்கும் மேல் குறைவு. முதல் இடம் அவருக்கு.

இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார். "உள்ள ரப்பர் படிஞ்சு வழுக்குதுங்கண்ணா. நாளைக்கும் மழைங்கறாங்க, நீங்க நல்லா வெளிய சுத்திப் போங்க. புல்லுக்கு ஒரு சாண் விட்டாப் போதும்" என்றார். நான் ஒளித்து வைத்ததை, அதற்கு மேலும் ஒரு சாண் சேர்த்து, என்னிடமே கொடுத்தார். மறுநாள் அவர் சொன்னபடி ஓட்டினேன். இரண்டாவதாக வந்தேன். அவர் முதலாவது.

கார் அவருக்குப் போனது. நான் குழுவை விட்டுப் போகவில்லை. ஆறு வருடம் டிராக் ஓரத்தில் நின்று, அவர் ஒவ்வொரு சுற்று வரும்போதும் நேரம் எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டினேன். "எவ்வளவு பெரிய மனசு" என்று உங்களில் சிலரே என்னிடம் சொன்னீர்கள். மனசெல்லாம் இல்லை. அவர் எங்கே தவறுவார் என்று பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டேன். மழை நாளில் மட்டும் அவர் தவறவே இல்லை.

போன மாசியில் குண்டூர் நாட்டுக்குப் போனேன். வீட்டு வாசலில் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். குமரேசன் காப்பி வைக்க உள்ளே போனதும் சொல்லிவிட்டேன்.

"மல்லிகா, அன்னிக்கு மூணாவது வளைவு. தெரிஞ்சேதான் தப்பா சொன்னேன்."

"தெரியுங்கண்ணா. வண்டி சுத்தறப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் எதுக்கு எனக்கு வழி சொன்ன?"

அவர் சிரித்தார். இருமல் வந்தது. அது அடங்கும்வரை பொறுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க நல்லா ஓட்டோணும், அப்பவும் நான் முன்னால வரோணும். அதுதாங்கண்ணா எனக்கு வேணும். நீங்க வழுக்கி உழுந்து நான் ஜெயிச்சா அதுல என்ன இருக்குது?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவ்வளவு நாளும் அவருடைய வேகத்தின் மேல்தான் எனக்குப் பொறாமை என்று நினைத்திருந்தேன். அன்று மலையிறங்கும்போது, அந்தப் பதிலின் மேல் பொறாமையாக இருந்தது. அப்படி ஓர் எண்ணம் எனக்குத் தானாக வந்திருக்காது.

இப்போதும் மழைக் காலத்தில் ஓட்டுநர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். சொல்வதற்கு முன் ஒரு கணம் நாக்கு மடங்குகிறது. பாதியை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. பிறகு முழுவதையும் சொல்லிவிடுகிறேன், புல்லுக்கு எத்தனை சாண் என்பது உட்பட. நல்லவனாகி அல்ல, மல்லிகா சொல்லியிருப்பார் என்பதால், அதில் மட்டுமாவது அவருக்குப் பின்தங்கக் கூடாது என்பதால். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.