வடக்கே தலைவைத்த கட்டில்

முதல்லயே சொல்லிடுறேன், நான் எதுக்கெடுத்தாலும் பயப்படுறவ. கேஸை மூடினேனா, கடை கிரில்லைப் பூட்டினேனான்னு பாதி வழியில திரும்பிப் போய்ப் பார்ப்பேன். ஆனா பேய், ஆவின்னா நம்பினதே இல்ல. உயிரோட இருக்கிறவங்களை நினைச்சுக் கவலைப்படவே நேரம் பத்தல, இதுல செத்தவங்களை வேறயா? நீங்க சிரிச்சாலும் பரவாயில்ல, நடந்ததைச் சொல்றேன்.

கிள்ளான்ல எங்க தளவாடக் கடை தாத்தா ஆரம்பிச்சது. அவர் பிரம்பு நாற்காலி பின்னி வித்தாரு, அப்பா தேக்கு அலமாரி கொண்டு வந்தாரு, இப்ப தம்பி குமரன் பக்கத்து ஊர் மேருவுல உள்ள ஃபேக்டரியில சோபா, மெத்தை எடுத்து போன்லயே வியாபாரம் பண்றான். நான் பதினஞ்சு வயசுல, ஃபார்ம் திரியோட படிப்பை விட்டுட்டு அங்கயே உட்கார்ந்தவ.

தாத்தா போய்ச் சேர்ந்துட்டாலும் அவர் வச்ச சட்டம் ஒண்ணு உண்டு. விக்கிற கட்டிலா இருந்தாலும் தலைமாடு வடக்க இருக்கக் கூடாது. வாங்க வர்றவங்க படுத்துப் பார்ப்பாங்களே, அதுவும் படுக்கைதானேன்னு சொல்வாராம். போன வருசம் தம்பி கடையை மாத்தி அடுக்கினப்ப ஒரு பெரிய கட்டிலை வடக்குச் சுவரோட ஒட்டிப் போட்டுட்டான். வேணாம்டான்னேன். "யாரு இங்க வந்து தூங்கப் போறாக்கா? ஷோரூம்லா இது"ன்னு கிண்டல் பண்ணினான்.

தூங்கினது அப்பா. ஸ்ட்ரோக் வந்து தேறினதுலருந்து அவரை வீட்ல தனியா விடப் பயந்து கடைக்கே கூட்டிட்டு வருவேன். அன்னைக்கு மத்தியானம் நல்ல மழை, தம்பி லோரியோட ஷா ஆலம் போயிருந்தான். டீ கலக்கிட்டு வந்து பார்க்கிறேன், அப்பா அந்தக் கட்டில்ல விழுந்துடுற மாதிரி ஓரத்துல படுத்திருக்காரு. மெத்தையில பிளாஸ்டிக் உறைகூட பிரிக்கல. நடுவுல படுக்கச் சொல்லலாம்னு கிட்டப் போனேன்.

அவருக்குப் பக்கத்துல மெத்தை அமுங்கியிருந்துச்சு. தலை, தோள், இடுப்பு, குதிகால்னு ஒரு ஆள் படுத்த பள்ளம். நம்பினா நம்புங்க, நான் பார்க்கப் பார்க்க பிளாஸ்டிக் மொறுமொறுங்குது, தோள் பள்ளம் அப்பா பக்கமா நகருது. அப்பா கண்ணைத் திறக்காமலே இன்னும் ஓரத்துக்குப் போறாரு.

"என்னப்பா பண்றீங்க?"

"தாத்தா தள்ளிப் படுக்கச் சொல்றாரும்மா. இடம் பத்தலையாம்."

மறுபடியும் ஸ்ட்ரோக்கா, இல்ல அவரைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காங்களா? கையைப் பிடிச்சு ஒரே இழுவையா இழுத்து எழுப்பிட்டேன். அந்த ரக மெத்தையை நான் எத்தனை பேருக்கு வித்திருக்கேன், ஆள் எழுந்ததும் உடனே நிமிர்ந்துடும். அப்பா படுத்த இடம் நிமிர்ந்துச்சு. மத்தது நிமிரல. அப்புறம் அந்தப் பக்கத்து ஓரம் மட்டும் மெதுவா அமுங்குச்சு, எழுந்து காலைத் தொங்கப் போட்டு உட்காருவாங்க பாருங்க, அப்படியே.

அப்பாவை இழுத்துட்டு வெளியே வந்து, தம்பி வர்ற வரைக்கும் கடை வாசல் நடைபாதையில, அந்த அஞ்சடியிலேயே சாரல்ல நின்னோம். சொன்னதைக் கேட்டு அவன் முதல்ல சிரிச்சான். கட்டிலைத் திருப்பிப் போட உள்ள போனவன் வெளியே வரும்போது சிரிக்கல. மறுநாள் அந்தக் கட்டில் கடையில இல்ல. என்னடா பண்ணினேன்னு கேட்டா பேச்சை மாத்துறான்.

அப்பா நல்லாத்தான் இருக்காரு, சாமி புண்ணியம். ஆனா அதுலருந்து வீட்லயும் கட்டில் ஓரத்துலதான் படுத்தாரு. கிழக்கதான் தலை, இருந்தாலும் பாதி கட்டிலை காலியாவே விடுவாரு. போன வாரம் காலையில பார்த்தா நட்ட நடுவுல கை காலை நீட்டி நிம்மதியா தூங்குறாரு. எனக்கு உயிரே வந்துச்சு. என்னப்பா, இப்ப ஓரமா படுக்கிறதில்லையான்னு கேட்டேன்.

"தாத்தா உன் ரூமுக்கு மாறிட்டாரும்மா"ன்னாரு.