அந்துப்பூச்சி விசாரணை

முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த தையல் டீச்சருக்குத் துணியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இது அவள் புருஷனின் முடிவு. அவர் சரக்குக் கிடங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனதே தவிர, அதிகாரம் போகவில்லை. தெருவில் எல்லோரும் அவரை இன்னமும் ‘அதிகாரி’ என்றுதான் சொல்வார்கள், சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் மூக்குக்கு நேரே ஓர் அந்துப்பூச்சி பறந்தது. அவ்வளவுதான்! காற்றில் பளார் பளாரென்று கைதட்டிக்கொண்டு அறை அறையாக ஓடினார் மனுஷன்.

“என்னங்க, பறக்குற பூச்சி துணியைத் தின்னாது. அதோட புழுதான் தின்னும். அழுக்கேறின கம்பளி எதாவது இருட்டுல கெடக்குதான்னு பாருங்க” என்றாள் டீச்சர்.

“நீ சும்மா இரு. ஒரு கிடங்கையே கட்டிக் காத்தவன் நான்.”

கட்டிக் காத்தவர் ஒரு நோட்டை எடுத்து, துணி, சொந்தக்காரர், தீர்ப்பு என்று மூன்று கட்டம் போட்டார். டீச்சரின் அலமாரி தலைகீழாகக் கவிழ்ந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். போர்வை, ஸ்வெட்டர், காலுறை எல்லாம் வெயிலுக்குப் போயின. கடைசியில் அவளுடைய சிவப்புக் கம்பளிச் சால்வை சிக்கியது. ஊருக்கெல்லாம் பின்னிக் கொடுத்தவள் தனக்கென்று பின்னிக்கொண்ட ஒரே துணி அது. அதன் ஓரத்தில் மிளகளவு ஓட்டை.

‘அப்புறப்படுத்தவும்’ என்று எழுதினார்.

“ஒரே ஒரு ஓட்டைதாங்க. அலசிக் காயவெச்சு நானே இழையோட்டிக்கிறேன்.”

“சட்டம்னா சட்டம். பூச்சி அரிச்ச துணி வீட்டுல இருக்கக் கூடாது, யாரோடதா இருந்தாலும். சனிக்கிழமை குப்பை வண்டியில போயிடணும்.”

சால்வையைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டித் தன் கட்டிலுக்கடியில் தள்ளினார். ஐந்து நாளும் டீச்சர் அந்தக் கட்டிலையே சுற்றிச் சுற்றிப் பெருக்கினாள்.

வீட்டில் சோதனை நடக்காத அலமாரி ஒன்றே ஒன்று. அதன் சாவி அவர் சட்டைப் பையில். உள்ளே அவருடைய கம்பளிக் கோட்டு. எந்த விழாவுக்கும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போவார். துவைத்தால் மிடுக்குப் போய்விடுமென்று பதினோரு வருஷமாகத் தண்ணீர் காட்டவில்லை.

“உங்க அலமாரியையும் ஒருதடவை பார்த்திடலாமே?” என்று வெள்ளிக்கிழமை கேட்டுப் பார்த்தாள்.

“என் அலமாரியையா?” என்று சிரித்தார். பூச்சிகூட அவருடைய பதவியை விசாரித்துவிட்டுத்தான் நுழையும் என்ற நினைப்பு!

சனிக்கிழமை ஓய்வு பெற்றோர் சங்க விழா, தலைமை அவர்தான். கறுப்புப் பையைத் தன் கையாலேயே வாசலில் வைத்துவிட்டு வந்து, அலமாரியைத் திறந்து, கோட்டை மாட்டினார். மணிக்கட்டில் வரவேண்டிய கை முழங்கையிலேயே வெளியே வந்தது. முதுகு சல்லடை. உள்பையில் பழைய விழாக்களின் பிஸ்கட் தூள், அதைச் சுற்றி நெளிகிற புழுக்கள்.

“ஐயையோ!” என்று அலறிக் கழற்றி எறிந்தார்.

டீச்சர் நிதானமாக நோட்டைக் கொண்டுவந்தாள். ‘கம்பளிக் கோட்டு’ என்று எழுதினாள். சொந்தக்காரர் கட்டத்தில் ‘அதிகாரி’ என்று எழுதி, பேனாவை நீட்டினாள். “தீர்ப்பை நீங்களே எழுதுங்க.”

வெகுநேரம் யோசித்து, ‘விசாரணையில் உள்ளது’ என்று எழுதினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீதான் தையல் டீச்சராச்சே, எப்படியாவது தைச்சுக் கொடுத்திடேன்” என்றபடி வேறு சட்டை தேடப் போனார்.

தெருவில் குப்பை வண்டியின் மணி கேட்டது. டீச்சர் கோட்டை வாரிக்கொண்டு வாசலுக்கு இறங்கினாள்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தபோது, கொடியில் சிவப்புச் சால்வை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“கோட்டு எங்கடீ?”

“விசாரணை முடிஞ்சிடுச்சுங்க.”