ஆட்டிடம் கேட்ட கேள்வி

ஜெர்மனியில் பல வீட்டுக் கழிவறைகளில், ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். ஊரிலிருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சல்தான் வரும். புற்றுநோய் வந்து என் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டார்கள். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு துளை, அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் பை. நிரம்பினால் அடியிலுள்ள மூடியைத் திறந்துவிட வேண்டும். இதற்கு உட்கார்ந்தால் என்ன, நின்றால் என்ன?

அறுவைக்கு முன்பு ஒரு நர்ஸ் என் கையில் கோப்பையைக் கொடுத்து ஓர் அறையைக் காட்டினாள். அதுவரை எந்தக் கோப்பை கொடுத்தாலும் மூத்திரம்தானே கேட்டார்கள்! நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினேன். "நைன், நைன்", இது இல்லை என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு விளக்கினாள்: அறுவைக்குப் பின் விந்து வராது, பிள்ளை வேண்டுமென்றால் இப்போதே கொடுக்க வேண்டும், உறையவைத்துக் காப்பார்கள். அப்படிக் காத்து வைத்ததில்தான் என் மகள் பிறந்தாள். நைனார்பாளையத்தில் கரும்பு போடும் என் அண்ணனுக்குப் போனில் இதையெல்லாம் சொன்னேன். "ஐஸ்ல வச்ச புள்ளையா? இன்னாடா கதை வுடற?" என்று சிரித்தான்.

நோய் திரும்பலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நான் போய்விட்டால் மகளுக்கென்று ஊரில் நாலு பேர் வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலசாமிக்கு முதல் முடி இறக்கினால்தான் பிள்ளையைப் பங்காளிகள் தங்களில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். அதற்காகத்தான் போன வருஷம் ஊருக்குப் போனோம்.

என் மனைவி கவிதாவின் மடியில் வைத்துக் குழந்தைக்கு நாவிதர் மழிக்கத் தொடங்கினார். எதிரே பூசாரி கிடாயின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம், பிறகுதான் வெட்டுவார்கள். குடம் குடமாக ஊற்றியும் அது மரம்போல நின்றது.

"பாத்தியாடா? சாமியே சொல்லிடுச்சு. இது நம்ம ரத்தம் இல்ல" என்றான் அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி.

கவிதா பிள்ளையோடு எழுந்துவிட்டாள். "புள்ள யாருதுன்னு ஆட்டைக் கேக்கறீங்களா மாமா?"

"வாய மூடு. அவனுக்குத்தான் எல்லாத்தையும் அறுத்துட்டாங்களே. எவங்கிட்ட வாங்கின?"

சொல்லிக்கொண்டே அவளைப் பிடித்துத் தள்ளினான். பிள்ளையோடு விழுந்தாள்.

பூசாரியின் வெட்டரிவாளைப் பிடுங்கினேன். அண்ணன் கழுத்தைத்தான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. கை கிடாயின்மேல் இறங்கியது. கம்ப்யூட்டர் தட்டிப் பழகிய கை. ஒரே வெட்டில் போகவில்லை. அது கதறக் கதற வெட்டிக்கொண்டே இருந்தேன். உத்தரவில்லாமல் வெட்டிவிட்டானே என்று பெண்கள் அலறினார்கள். அண்ணன் ஓடிவந்து என் வயிற்றில் உதைத்தான். பை கிழிந்தது. சாமி முன்னால் மூத்திரமும் ரத்தமும் ஒன்றாக ஓடின. சட்டையை விலக்கி அந்தச் சிவந்த துளையைக் காட்டினேன்.

"பாருடா! இதோடதான்டா பெத்தேன்!"

அவனை நான் அதுவரை 'டா' போட்டதில்லை. மறுபடி உதைக்க ஓங்கிய காலை இறக்கிவிட்டு, அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாவிதர் எப்போதோ ஓடிவிட்டிருந்தார். மகள் தலையில் இடப்பக்கம் மொட்டை, வலப்பக்கம் சுருள் முடி. அப்படியே விமானம் ஏறினோம். இங்கே பக்கத்து வீட்டு அம்மாள் "ஷிக்!" என்று ஸ்டைலை மெச்சி, எந்தக் கடையில் வெட்டியது என்று கேட்டாள். கோயிலில் என்றேன். உங்கள் கோயில்களில் சலூனும் உண்டா என்று வியந்தாள்.

சில வாரம் கழித்து, மீதியையும் நாமே மழித்து ஊரைத் தலைமுழுகிவிடலாம் என்று முடிவு செய்தோம். மகளை மடியில் வைத்துக்கொண்டு ரேசரை எடுத்தேன். கவிதா அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள், ஊர் பார்க்கட்டும் என்று. பார்த்ததும் அண்ணன் கூப்பிட்டான். சண்டைக்குப் பிறகு முதல் போன்.

"பாப்பா தலையில கைய வச்சிட்டியா?"

"வைக்கத்தான் போறேன். உனக்கின்னா?"

"வச்சினா அங்கியே வந்து கைய வெட்டிடுவேன். அது நம்ம சாமி முடி."

போனைச் சுவரில் அடித்தேன். "நீங்க மழிங்க" என்றாள் கவிதா. விழுந்தபோது முழங்கையில் பட்ட காயம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அவனைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. என் மகளின் முடியை 'நம்ம' என்று அவன் சொல்லிவிட்டானே என்று அழுகையும் வந்தது. மொட்டைப் பக்கம் பிஞ்சு முடி முளைத்துக்கொண்டிருக்க, மறுபக்கச் சுருளை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையில் ரேசரோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.