மெட்டியைக் கழற்றினால்தான் ஆட்டம்

கபடிக்கு நடுவராக வரும் கலையரசி மேடத்தை எங்கள் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காது. விசில் ஊதும் முன்பு பெண்களை வரிசையாக நிற்கவைத்து நகம் பார்ப்பார். நகவெட்டியும் அவரே கொண்டுவருவார். வளையல், மோதிரம், தோடு எல்லாம் கழற்றியாக வேண்டும். தரையில் சின்னக் கல் கிடந்தாலும் ஆட்டம் தொடங்காது. நாற்பத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, சின்னசேலத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார். ஸ்கோர் எழுதும் நான் பத்து வருஷமாக அவரோடு போய்வருகிறேன். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. நானும்தான் உட்கார்ந்ததில்லை.

முன்பெல்லாம் இவ்வளவு கறார் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன் உளுந்தூர்பேட்டை ஆட்டத்தில், புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்று அழுதாள். மேடம் இரக்கப்பட்டு, மெட்டிக்கு மேலே தன் கையாலேயே பிளாஸ்டர் சுற்றிவிட்டார். இரண்டாவது ரெய்டிலேயே, மடக்கிப் பிடித்தவளின் பனியனில் மெட்டி சிக்கி விரலோடு பிய்ந்துவந்தது. அந்தப் பெண் இப்போதும் எங்கே பார்த்தாலும் “நல்லா இருக்கீங்களா மேடம்?” என்று சிரித்துக்கொண்டே விசாரிக்கிறாள். திட்டித் தொலைத்திருந்தாலாவது மேடம் கொஞ்சம் தேறியிருப்பார்.

போன ஆடியில் கச்சிராயபாளையம் பக்கத்து ஊரில் மாரியம்மன் திருவிழா ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அந்த ஊர் மருமகள் சுபஸ்ரீதான் அணிக்கே உயிர். அன்று ஆடினால் மாவட்ட அணியில் அவளுக்கு இடம் நிச்சயம் என்று ஊரே பேசியது. மேடம் அவள் காலைப் பார்த்தார்.

“மெட்டிய கழட்டும்மா.”

சுபஸ்ரீ குனிந்தேவிட்டாள். அதற்குள் மாமியார் லட்சுமியம்மாள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். “புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கசொல்ல எவளாச்சும் மெட்டிய கழட்டுவாளா? ஒண்டிக்கட்ட, உனக்கு இன்னா தெரியும்?”

விழாக் கமிட்டித் தலைவர் கொளஞ்சியப்பன் சமாதானத்துக்கு வந்தார். “மேல பிளாஸ்டர் சுத்திக்கினு ஆடட்டும், வுடுங்க மேடம்.”

“ஒருவாட்டி சுத்திவுட்டேங்க. போதும்” என்றார் மேடம்.

எனக்குக் காரணம் தெரியும். எழுந்து சொல்லியிருக்கலாம். ஊர்க்காரர்களிடம் எதற்கு வம்பு என்று நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

சுபஸ்ரீ கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கடைசிவரை அழுதாள். அணி இரண்டு பாயிண்டில் தோற்றது. ஆள் எடுக்க வந்தவர்கள் வேறு இரண்டு பெண்களின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். கிளம்பும்போது மேடம் சுபஸ்ரீயிடம் ஏதோ சொல்லப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரை மேடத்தோடு கூடப் போக ஒருவரும் இல்லை.

கொளஞ்சியப்பன் மைக்கைப் பிடித்தார். ஸ்பீக்கர் பஸ் ஸ்டாப் வரைக்கும் கட்டியிருந்தது. “இந்த வருசம் ஒரு புள்ளைக்குக்கூட அடி கெடையாது, ரத்தக்காயம் கெடையாது. எல்லாம் ஆத்தா காப்பாத்திக் குடுத்தது. அடுத்த வருசம் வேற நடுவரு வருவாருங்க!”

கூட்டம் கை தட்டியது. தூரத்தில் மேடம் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மைக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நானும் கை தட்டினேன்.