கடற்கரை ஸ்டேஷனில் பச்சைச் சட்டைக்காரர்

போன அமாவாசை அன்று, பட்டப்பகலில், கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, என் வீட்டில் ஒருவர் நின்ற இடத்தை விட்டு வேறு இடத்தில் போய் நின்றார்.

உயரம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பிளாஸ்டிக் ஆள். பச்சைக் கட்டம் போட்ட சட்டை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் இப்படிப்பட்ட விஷயங்களுக்குச் சிரித்துக்கொண்டிருந்த ஆள்தான். இப்போது அந்தக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கப் பயமாக இருக்கிறது.

முதலில் ஆரணிக்குக் கடல் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பட்டு உண்டு. அரிசி உண்டு. கடல் மட்டும் கிடையாது. அலையைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்பொடிய பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டும். நான் வாரா வாரம் இந்தப் பத்தியை எழுதி எழுதிக் கழுத்து வலி வாங்கிக்கொண்டதும், டாக்டர் "ஏதாவது ஹாபி வெச்சுக்கங்க சார், கையால செய்யற மாதிரி" என்றார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். ஆன்லைனில் ஒரு குட்டி இன்ஜின், ரெண்டு பெட்டி, வட்டமாக ஓடத் தண்டவாளம் எல்லாம் வரவழைத்தேன்.

ரயில் மட்டும் ஓடினால் போதுமா? அதைச் சுற்றி ஒரு ஊர் வேண்டாமா? கடலோரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன் செய்யலாம் என்று முடிவு செய்தேன். ஏன் கடலோரம்? பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்… என்றுதான் அப்போது நினைத்தேன்.

கூடத்துச் சுவரை ஒட்டி ஒரு பெரிய பிளைவுட் பலகை. அதன்மேல் தெர்மோகோலை அறுத்து மணல்மேடு. மணல் எங்கள் ஆற்று மணல்தான், கோமதியின் மாவு சல்லடையில் சலித்தது. (கோமதி என் மனைவி. சல்லடை விஷயத்தை இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.) கம்பியை முறுக்கிப் பனைமரம், கிழிந்த கொசுவலையில் மீன்வலை, பழைய பூட்டிலிருந்து சுரண்டிய துருவைப் பசையில் குழைத்துத் தூண்களுக்கு உப்புக்காற்று அடித்த நிறம். ஒரு பெயர்ப்பலகையும் நட்டேன். பெயர் மட்டும் எழுத வரவில்லை. மஞ்சள் பலகை காலியாகவே நின்றது.

கடல்தான் பெரிய பாடு. ரெசின் என்று ஒரு திரவம். பச்சையும் நீலமும் கலந்து மெல்லிசாக ஊற்ற வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு, அப்புறம் இன்னொன்று. அவசரப்பட்டால் குமிழி விடும். மூன்றாவது பூச்சு காய்வதற்குள் ஒரு ஈ வந்து விழுந்தது. எடுப்பதற்குள் இறுகிவிட்டது. இன்றைக்கும் கடலுக்கு அடியில் இறக்கையை விரித்தபடி கிடக்கிறது. 

அலையின் நுரைக்குப் பஞ்சு வைத்துப் பார்த்தேன், பஞ்சாகவே இருந்தது. என் தங்கை மஞ்சுளா பட்டுக் கழிவை ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தாள். விரலால் பிரித்து ஒட்டினேன். அடடா! கரையில் வந்து உடைந்து திரும்புகிற நுரை அப்படியே அமைந்துவிட்டது.

மஞ்சு எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே பொதுச் சுவர். அவள் வீட்டுக் கூடத்தைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். அவள் கணவர் தனபால் பட்டுப்புடவை மூட்டையோடு கடலோர ஊர்களுக்கு ரயிலில் போய் விற்றுவருவார். ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் அப்படிப் போனவர் திரும்பவில்லை. கடைசியாக மத்தியானம் ஒரு போன். "ஸ்டேஷன்ல நிக்கிறேன். வண்டி வந்துகினு இருக்குது." பின்னால் அலைச் சத்தம் கேட்டதாக மஞ்சு சொல்வாள். எந்த ஸ்டேஷன் என்று கேட்பதற்குள் லைன் கட். போலீஸ், பேப்பர் விளம்பரம், குறி சொல்கிறவர் எல்லாம் பார்த்தாயிற்று. ஆளும் இல்லை, சேதியும் இல்லை. அவள் இன்றுவரை பூவும் பொட்டும் தாலியுமாகத்தான் இருக்கிறாள்.

இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கண்ணமங்கலம். முகூர்த்தப் புடவையை மஞ்சுவே தன் தறியில் நெய்துகொண்டிருந்தாள்.

நான் அப்போது மனிதர்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குட்டி ஆட்கள் பாக்கெட்டில் வெள்ளை வெளேரென்று, முகமே இல்லாமல் வருவார்கள். பேப்பர் விரித்து வரிசையாக நிற்கவைத்தால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். ஒற்றை முடி பிரஷ்ஷால் ஒருவருக்குப் பச்சையில் கட்டம் போட்ட சட்டை வரைந்தேன். பச்சை ஏன்? மரத்துக்கு அடித்தது மிச்சம் இருந்தது. கை சும்மா தொங்குகிறதே என்று ஒரு பட்டுத் துணுக்கைச் சுருட்டி மூட்டையாக்கி ஒட்டினேன். பிளாட்பாரத்தில் நிறுத்தினேன். எங்கே நின்றால் நன்றாக இருக்கும் என்று முடிவாகாததால் அவரை மட்டும் பசை போட்டு ஒட்டவில்லை.

டீ கொண்டுவந்த மஞ்சு குனிந்து பார்த்தாள். டம்ளர் கையிலேயே இருந்தது.

"அண்ணா… இவரு சட்டை…"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனபால் கடைசியாக ஊருக்குப் புறப்பட்டபோது போட்டிருந்தது பச்சைக் கட்டம். அந்த விளம்பரத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான். கை தானாக வரைந்திருக்கிறது, புத்திக்குத் தெரியாமல்!

"எடுத்துடறேன் மஞ்சு" என்றேன்.

"வேணாண்ணா. நிக்கட்டும். வண்டிக்குத்தான நிக்கிறாரு" என்றாள்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் பார்த்தால் பச்சைச் சட்டைக்காரர் கொஞ்சம் நகர்ந்திருப்பார். எப்போதும் ஒரே திசைதான். தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் மணல், மணலுக்கு அப்பால் கடல். அவர் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். நான் பிடித்துப் பின்னால் நிறுத்துவேன். மறுநாள் மறுபடி பிளாட்பாரத்தின் விளிம்பில் நிற்பார். கோமதியைக் கேட்டேன். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள்.

ஒரு நாள் பலகையின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் மஞ்சு தறியில் உட்கார்ந்தாள். டக்… டக்… ஒவ்வொரு அடிக்கும் டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. பச்சைச் சட்டைக்காரரும் நடுங்கினார். முடியளவு முன்னால் போனார்.

அட, இவ்வளவுதானா! தறியின் அதிர்வு சுவர் வழியாக வந்து ஆளைத் தள்ளுகிறது. பேய் பிடிபட்ட சந்தோஷத்தில் ஓடிப்போய் மஞ்சுவிடம் சொன்னேன். இந்த மாதிரி அறிவியல் உண்மைகளை யாரிடம் சொல்வது என்ற விவஸ்தையே நமக்குக் கிடையாதே?

அவள் கை அப்படியே நின்றது.

"நான் நெய்ய நெய்ய… அவரு கடலுக்குப் போறாரா?"

அன்றோடு தறி நின்றது. முகூர்த்தப் புடவை பாதியில் கிடந்தது. கல்யாணமோ நெருங்குகிறது. கோமதி சொன்னாள், நானும் சொன்னேன், அவள் தறிக்குழியில் கால் வைக்கவில்லை. கடைசியில் அவள் கண்ணெதிரே இன்ஸ்டன்ட் க்ளூவைப் போட்டு, ஆளைப் பிளாட்பாரத்தின் நடுவில் அழுத்தி ஒட்டினேன். விரலால் தள்ளச் சொன்னேன். தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"இனிமே எங்கயும் போகமாட்டாரு. நீ நெய்யிம்மா."

புடவை முடிந்தது. தறியிலிருந்து அறுத்து மடித்துவைத்தாள். அடுத்து வந்தது அமாவாசை.

அமாவாசை அன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. அது அந்தக் காலத்து வழக்கம், இன்றும் அப்படித்தான். மற்ற நாளில் தெருவெல்லாம் டக் டக் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அன்றைய அமைதி ஒரு தினுசாக இருக்கும். அந்த அமைதியில்தான் தனபாலின் அண்ணன் ஏகாம்பரம் முள்ளிப்பட்டிலிருந்து வந்தார். கூடவே கண்ணமங்கலத்துச் சம்பந்தி அம்மாவும். மஞ்சு வீட்டில் தறி போக உட்கார இடமில்லை என்பதால் எல்லோரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

சம்பந்தி அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியல. இல்லைன்னா வீட்டுல தீட்டு இருக்குது. தீட்டோட எப்படிங்க தாலி கட்டறது? கல்யாணத்துக்கு முன்னாடி காரியத்தைப் பண்ணி முடிச்சிடுங்க. எங்களுக்கும் மனசு கேக்கணுமில்ல?"

ஏகாம்பரம் தலையாட்டினார். "இன்னிக்கே நல்ல நாளு மச்சான். வைக்கோல்ல ஒரு உருவம் செஞ்சி ஆத்தங்கரையில கொள்ளி வெச்சிட்டா ஜல்தியா முடிஞ்சிடும். எத்தினி நாளிக்கு இந்தப் பேஜாரு?"

முடிந்துவிடும். என்ன முடிந்துவிடும்? சாயங்காலத்துக்குள் மஞ்சுவின் நெற்றி காலியாகும். மகள் கல்யாணத்தன்று அவள் மண்டபத்துச் சமையல்கட்டில் மறைந்து நிற்பாள். தன் கையால் நெய்த புடவையைத் தன் கையால் எடுத்துக்கொடுக்க முடியாது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என்ன சொல்வது? உயிரோடு இருக்கிறார் என்று நான் எதை வைத்துச் சொல்வேன்?

மஞ்சு சுவரில் சாய்ந்து நின்றாள். முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பேச்சு நின்ற சங்கடத்தில் ஏகாம்பரம் எழுந்து ரயில் பலகைப் பக்கம் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடல், பனைமரம் எல்லாம் பார்த்தார். திடீரென்று குனிந்தார்.

"இது இன்னா மச்சான்… நம்ம தனபால் மாதிரியே இருக்குது?"

நான் போனேன். பிளாட்பாரத்தில் ஆள் இல்லை. காய்ந்த பசையில் இரண்டு குட்டிப் பாதங்களின் அச்சு மட்டும் இருந்தது. அவர் ஸ்டேஷன் வாசலைத் தாண்டி வெளியே, ஊருக்குப் போகிற மண் ரோட்டில் நின்றார். முதுகு கடலுக்கு. முகம் எங்களுக்கு. கையில் மூட்டை இல்லை.

தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை என்பதை மறுபடி சொல்கிறேன்.

மஞ்சு மெதுவாக வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எறங்கிட்டாரு" என்றாள். "மூட்டையைக் காணோம் பாருங்க மாமா. எல்லாம் வித்துட்டு வந்துகினு இருக்காரு."

ஏகாம்பரம் இரண்டடி பின்னால் வந்தார். சம்பந்தி அம்மாவின் கண் அந்த ரோட்டை விட்டு அகலவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தவர், போட்டு வைத்த காபியைத் தொடவில்லை. காரியம் என்ற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் போனதும் நான் தங்கையைப் பார்த்துச் சிரித்தேன். "கெட்டிக்காரி! எப்படி மஞ்சு பிடுங்கினே? அந்தப் பசை இரும்பைப் பிடிச்சா விடாதே!"

"ஊசியால நெம்பி எடுத்தேண்ணா. காத்தாலயே" என்றாள். "இவங்க வந்து உக்காந்து காரியம் பேசறது அவரு காதுல விழக் கூடாதுன்னு."

"அதுக்கு ரோட்டுலயா கொண்டுபோய் நிறுத்துவே?"

"ரோட்டுலயா? அது நீங்க செஞ்சு வெச்சதுன்னு இல்ல நெனச்சேன்!"

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பச்சைக் கட்டம் போட்ட சட்டை. காலில் பசைச் செதில். கையில் பட்டு மூட்டை.

இருவரும் திரும்பிப் பலகையைப் பார்த்தோம். ரோட்டில் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

நான் வரைந்தது ஒரு சட்டைதான். கோமதிக்கு ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி வேண்டும், கட்டம் போட்ட சட்டை வரைவதெல்லாம் நடக்காது. யார் செய்தது, எப்போது செய்தது என்று உங்களில் யாராவது விளக்கம் எழுதி அனுப்பாதீர்கள். தறி அதிர்வு என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்து நான் பட்டது போதும்.

காணாமல் போனவர் எப்படியாவது திரும்பி வந்துவிட வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறோம். நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறாரோ என்று தோன்றினால் மட்டும் ஏன் இப்படி முதுகு சில்லிடுகிறது?

போன வாரம் கல்யாணம் முடிந்தது. மஞ்சு நெற்றி நிறையக் குங்குமத்தோடு மேடையில் நின்று, தன் கையாலேயே மகளுக்குப் புடவையை எடுத்துக்கொடுத்தாள். நான் அழுதேன், மறைக்கவில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைக்கச் சொல்லியிருந்தாள். மண்டபத்தில் உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் நின்றார்கள். அதில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

பந்தியில் சம்பந்தி அம்மாவே ஒரு இலையைத் தள்ளிப் போடச் சொல்லிப் பரிமாறவும் வைத்தார் — எதுக்கும் இருக்கட்டும் என்று!