நகல் இல்லாத தாள்

கனகவல்லி டீச்சர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் சித்தூரில் ஒரு பயிற்சி அரங்கில் உட்கார்ந்து, வகுப்பறையைப் பார்வையிடுவது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்தேன். செல்போன் ஆப்பில் எந்தக் கேள்விக்கு ‘ஆம்’, எந்தக் கேள்விக்கு ‘இல்லை’ அழுத்த வேண்டும் என்று ஒருவர் சுவரில் படம் காட்டிக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரி: நம் கணக்கு டீச்சர் திருப்பதி ஆஸ்பத்திரியில் காலமானார். அதற்கு நேர் கீழே, மதிய உணவுப் படத்தை இன்னும் ஏற்றாத பள்ளிகள் உடனே ஏற்றவும் என்று ஒரு நினைவூட்டல். நான் எழுந்து, போக வேண்டும் என்றேன். “ஃபீட்பேக் ஃபாரம் நிம்பி வெள்ளண்டி சார்,” என்று படிவத்தை நிரப்பிவிட்டுப் போகச் சொன்னார் பயிற்சியாளர். நான் அதை நிரப்பவில்லை, அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கும் தமிழ்வழி ஆசிரியர்களில் பாதிப் பேருக்காவது அவரைத் தெரியும். ஆந்திராவில் சத்தியவேடு பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம் ஒன்றில் எங்கள் தமிழ்வழிப் பள்ளி. நான் திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, சமூக அறிவியல் வாத்தியாராக அங்கே போனவன். அவர் அந்த ஊர்க் காலனியிலேயே பிறந்து, அதே பள்ளியில் படித்து, அங்கேயே கணக்கு டீச்சராக வந்தவர். அவருடைய நைனா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எனக்கு டீச்சரைவிட நான்கு வயது அதிகம், அவருக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

நான் சேர்ந்த முதல் வருடம், ஒருநாள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். “சார், எனக்கு இந்த பீரியடு லீசர். பின்னால ஒக்காந்துக்கட்டுமா?” என்று கேட்டார். என் பாடத்தின் பெருமை அடுத்த அறைவரை எட்டிவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு நதிகளும் அணைகளும் பாடம். வரைபடம் தொங்கவிட்டு, குரலை ஏற்றி இறக்கி, பிரமாதமாக நடத்தினேன். மணி அடித்ததும் பாராட்டை எதிர்பார்த்து நின்ற என்னிடம் ஒரு கோடு போட்ட தாளை நீட்டினார். வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் எழுதியிருந்தார். முன் வரிசைக் கட்டங்களில் கடுகு சிந்தினாற்போலப் புள்ளிகள். ஜன்னலோர வரிசையில் ஒன்றுகூட இல்லை.

“என்ன டீச்சர் இது?”

“நீங்க யாரக் கேள்வி கேட்டீங்களோ, அந்தப் புள்ளைக்கு ஒரு புள்ளி வெச்சிகினு வந்தேன் சார்.”

“அந்த வரிசைப் பிள்ளைகள் பதில் சொல்ல மாட்டார்கள்.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் காலனிப் பிள்ளைகள். அவர்களை அங்கே உட்கார வைத்தது நான் இல்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவரே வந்தார். “அந்த வரிசையில அஞ்சு வருசம் ஒக்காந்துகினு இருந்தேன் சார். ஒரு வாத்தியாரும் என் பேரச் சொல்லிக் கூப்டல. உங்க மேல கோவம் இல்ல, சொல்லணும்னு தோணிச்சு. அந்தத் தாளு உங்களுது. வெச்சிக்கினாலும் சரி, கிழிச்சாலும் சரி. என்கிட்ட நகல் கெடையாது,” என்றார்.

அதுதான் அவருடைய ஒரே சட்டம். தாள் யாருடைய வகுப்பைப் பற்றியதோ அவருக்கே சொந்தம். நகல் இல்லை, மதிப்பெண் இல்லை. பிறகு ஒவ்வொருவராக அவரைத் தங்கள் வகுப்புக்கு அழைத்தோம். அவர் வகுப்பில் எங்களையும் உட்காரச் சொன்னார். கரும்பலகைக்கு இடது பக்கம் இருக்கும் பிள்ளைகளை அவர் திரும்பியே பார்ப்பதில்லை என்று நான் புள்ளி வைத்துக் காட்டியபோது அவருக்கும் முகம் சுருங்கத்தான் செய்தது. மறுநாள் இடம் மாறி நின்று பாடம் நடத்தினார். மதிப்பெண் ஏன் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். “மார்க் போட்டா மறைப்பாங்க சார். போடலன்னா காட்டுவாங்க,” என்றார்.

இதைக் கேட்டிருந்தும் நான் செய்ததை இனிச் சொல்ல வேண்டும். நான் பொறுப்புத் தலைமை ஆசிரியரானபின், எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த மோகனா என்ற ஆசிரியை, கனகவல்லி டீச்சர் எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் கொண்டுவந்தார். ஒன்பது கட்டங்கள் புள்ளியில்லாமல் காலி. “இந்தப் புள்ளைங்கள எப்படி சார் பேச வெக்கறது?” என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று தாளை என் மேசையில் விட்டுப் போனார். அந்த வாரம் ஆய்வு. வகுப்பறைப் பார்வையிடல் நடப்பதற்கு ஆதாரம் எங்கே என்று அதிகாரி கேட்டார். எங்கள் பள்ளியில் எவ்வளவு அருமையாக நடக்கிறது பாருங்கள் என்று காட்டும் ஆசையில், அந்தத் தாளை எடுத்து ஃபைலில் வைத்து நானே நீட்டினேன். அவர் காலிக் கட்டங்களை எண்ணினார். மறுவாரம் மோகனாவுக்கு மெமோ வந்தது. அடுத்த மாதம், இரண்டு வயதுக் குழந்தையை வைத்திருந்த அவருக்கு வெகு தொலைவில் வெதுருகுப்பம் பக்கம் மாற்றுப்பணி ஆணை வந்தது.

கனகவல்லி டீச்சர் என்னைத் திட்டவில்லை. நேராக அதிகாரியிடம் போனார், நான் பின்னாலேயே போனேன். “அந்தத் தாள எழுதனது நான் சார். அந்த டீச்சருக்கு ஒதவத்தான் எழுதனேன், தப்பு கண்டுபுடிக்க இல்ல,” என்று தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னார். அதிகாரி சிரித்தார். “அயித்தே மீ க்ளாஸ் சூத்தாம் மேடம்,” என்றார். சரி, உங்கள் வகுப்பையே பார்ப்போம் என்று சொன்னபடி வந்தும் சேர்ந்தார்.

அன்றைக்கு ஏழாம் வகுப்பில் பின்னங்கள். முக்கால் பெரிதா, ஆறில் ஐந்து பெரிதா என்று பலகையில் எழுதிவிட்டு டீச்சர் ஜன்னலருகே போய்ச் சும்மா நின்றுகொண்டார். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சண்டை போட்டார்கள். “ரெண்டுலயும் ஒரு துண்டுதான் கொறயுது. ஆறுல கொறயற துண்டு சின்னது, அப்ப மிச்சம் கீறதுதான பெருசு,” என்று ஒரு பெண் கத்தினாள். வாசலில் நின்றபடியே நானும் மனக்கணக்குப் போட்டேன், அவள் சொன்னது சரி. அதிகாரிக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்து செல்போனைத் தட்டினார். ஆசிரியர் கற்பிக்கிறாரா? இல்லை. வகுப்பு கட்டுப்பாட்டில் இருக்கிறதா? இல்லை. கனகவல்லி டீச்சர் ‘முன்னேற்றம் தேவை’ பட்டியலில் சேர்ந்தார். நாயுடுபேட்டையில் ஒரு வாரம், பாடம் நடத்துவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “நல்லா சோறு போட்டாங்க சார், துன்னுட்டு வந்தேன்,” என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிக்க வரவில்லை. பாஷை தெரியாத ஒருவர் ஒரு வகுப்பை எடை போடலாம் என்று எந்தப் புத்திசாலி முடிவு செய்தான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் யார் வகுப்பிலும் உட்காரவில்லை. மூன்று வருடம் ஒரே அறையில் டீ குடித்தோம், கால அட்டவணை போட்டோம், சண்டையும் போட்டோம். ஒருநாள் மனம் கேட்காமல், “என் வகுப்புக்காவது வாங்க டீச்சர்,” என்றேன். “வேணாம் சார். நீங்க ஃபைல்ல வெச்சிடுவீங்க,” என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருப்பதியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அதே அதிகாரி மாலை போட்டார். மாவட்டத்துக்கே வழிகாட்டி என்றார். புள்ளி வைக்கும் முறையை ஆப்பில் சேர்க்கப்போவதாகவும், காலிக் கட்டங்களுக்கு மதிப்பெண் குறையும் என்றும், அதற்கு டீச்சரின் பெயரையே வைக்கப்போவதாகவும் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் எழுதிய தாள்களையெல்லாம் திரட்டித் தரும்படி மேடையிலிருந்து என்னைக் கேட்டார். நான் எழுந்து, “நகல் கிடையாது சார்,” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்ததும் மோகனா அருகில் வந்தார். மூன்று பேருந்து மாறி வந்திருந்தார். “சார், என் தாளு இன்னும் அந்த ஃபைல்லதான் கீதுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். திருப்பித் தரச் சொல்லி இதுவரை இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டேன். பதில் இல்லை. இன்னும் கேட்பேன்.

உங்களில் யாரிடம் கனகவல்லி டீச்சரின் தாள் இருந்தாலும், தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் இன்னும் கட்டாயமாகக் கொடுக்காதீர்கள். அந்தப் பெயரை வைத்தே இன்னொரு மோகனாவை ஊர் மாற்றுவார்கள்.

எனக்கு அவர் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. ஜன்னலோரத்தில், கடைசிக் கட்டத்தில் சந்தியா என்று எழுதியிருக்கிறது. அவர் என்னிடம் வந்து பேசிய அன்றைக்கே, வகுப்புக்குப் போய் முதல் கேள்வியை அவளிடம் கேட்டேன். பெயர் சொல்லித்தான் கேட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. சார் யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.